திட்டுவதற்கு முன் விதியைப் பாருங்கள்: இராமநாதபுரம் கடற்கரைக் கால்பந்துக் கமிட்டிகளுக்கும் ரசிகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வடக்கே தொண்டி, தேவிபட்டினம், நடுவே மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரம், தெற்கே பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று இந்தக் கரை நெடுகப் பந்தாட்டம் நடத்துகிற கமிட்டிகளுக்கும், திரை கட்டி ஆட்டம் காட்டுகிற மன்றங்களுக்கும், திரைக்கு முன்னால் உட்கார்ந்து தொண்டை வற்றக் கத்துகிற அண்ணன்மார், காக்காமார், தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம்.

2026 உலகக் கோப்பைக்கு 48 அணிகள், 104 ஆட்டங்கள். ஜூன் 11 தொடங்கி ஜூலை 19 வரை அட்டவணை. அமெரிக்காவிலும் கனடாவிலும் மெக்சிகோவிலும் ஆட்டம் என்பதால் நமக்கு நடுச்சாமத்திலிருந்து விடிகாலை வரை பார்வை. வாக்குவாதத்துக்குப் பஞ்சமே இருக்காது. வாக்குவாதம் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. பந்தைப் பற்றிப் பேசாமல் பந்து பார்ப்பதில் என்ன ருசி? எங்கள் குறை வேறு. ஆட்ட உத்தி ஒன்று. விதியை மீறி, அதற்குரிய தண்டனையையும் வாங்கிக்கொண்ட தவறு இன்னொன்று. யார் கண்ணிலும் படாமல் தப்பிய ஏமாற்று மூன்றாவது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பி மூன்றுக்கும் ஒரே வசவைப் போடுகிறோம். அந்த வசவு திரையோடு நின்றால் பரவாயில்லை. மறுநாள் சாயங்காலம் நம் திடலுக்கு வந்துவிடுகிறது. நடுவரைச் சூழ்ந்து நிற்பது, விழுந்து உருளுவது, கோலியை (கோல்கீப்பரை) கெட்ட வார்த்தை சொல்வது எல்லாம் திரையிலிருந்து இறங்கி வந்தவைதான். திரையில் நடந்த நல்ல உத்தி மட்டும் ஏனோ இறங்கி வருவதில்லை.

முதலில் உத்தி. ‘பஸ்ஸைக் குறுக்கே நிறுத்திட்டானுங்க, இதெல்லாம் ஒரு ஆட்டமா’ என்பது, எல்லாரும் கோலுக்கு முன்னால் கூடி நின்று தடுக்கிற அணியைப் பற்றி நம் ஊர்களில் அதிகம் கேட்கிற குறை. 2022-ல் மொராக்கோவைப் பற்றியும் இதைத்தான் சொன்னோம். அந்த அணி அரையிறுதிக்கு வரும்வரை ஐந்து ஆட்டங்களில் வாங்கியது ஒரே கோல். அதுவும் கனடாவுக்கு எதிராகத் தன் ஆள் அகேர்டின் காலில் பட்டு உள்ளே போனது. ஸ்பெயின் ஆயிரத்துக்கு மேல் பாஸ் போட்டும் 120 நிமிடத்தில் ஒரு கோல்கூட அடிக்க முடியாமல் பெனால்டியில் 3-0 என்று தோற்றது. பின்னால் கூட்டமாக நின்றதால் மட்டும் இது நடக்கவில்லை. முன்னால் நின்ற என்-நெசிரி, எதிரணியின் பின்வரிசை ஆளைத் துரத்தவில்லை. நடு மிட்ஃபீல்டருக்குப் போகிற பாஸ் வழியை மறைத்து நின்றார். நடுவழி அடைபட்டதும் பந்து ஓரத்துக்குத்தான் போக வேண்டும். ஓரத்துக்கு வந்ததும் அந்தப் பக்கத்து டிஃபென்டரும் விங்கரும் சேர்ந்து இருவராக அடைத்தார்கள். அம்ரபாத் பெனால்டி பாக்ஸுக்கு வெளியே அந்தப் பக்கமாக நகர்ந்து, உள்ளே திரும்பி வரும் பாஸுக்காகக் காத்து நின்றார். பந்து பிடிபட்ட மறுகணம் முன்னால் அனுப்ப ஓர் ஆள் எப்போதும் இருந்தார். கடைசி டிஃபென்டருக்கும் முன்வரிசை ஆளுக்கும் நடுவே 25, 30 மீட்டருக்கு மேல் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் கஷ்டமான வேலை. ஒருவர் தூங்கினாலும் நடுவில் ஓட்டை விழும்.

இதை நம் பையன்கள் எழுவர் ஆட்டத்தில் போட்டுப் பார்க்கிறார்கள், ஏன் நடக்கவில்லை என்று தலையைச் சொறிகிறார்கள். ஒரு கோல் முன்னிலை வந்ததும் ஆறு பேரும் கோல் கோட்டுக்கே போய் நின்றுகொண்டால் கோலிக்குப் பந்து தெரியாது. தட்டிவிட்ட பந்தை எடுக்க பாக்ஸுக்கு வெளியே நம் ஆள் இருக்க மாட்டார். அடித்து விரட்டிய பந்து நேராக எதிரணிக்கே போய், மறுபடி அதே அலை வரும். எழுவரில் ஒருவரையாவது நடுக்கோட்டுப் பக்கம் விட்டு வையுங்கள். மீதி ஐந்து பேர் 15 மீட்டருக்குள் முன்பின்னாக இரண்டு வரிசையாக நில்லுங்கள். முன்வரிசை இரண்டு பேர், பின்வரிசை மூன்று பேர் போதும்.

பந்து வைத்திருப்பவரை நெருக்கிப் பறிப்பதைப் பிரஸ்ஸிங் என்று சொல்கிறோமே, அதிலும் இதே கோளாறு. ஒருத்தன் மட்டும் வெறியோடு பந்துக்குப் பின்னால் ஓடுவான். மற்றவர்கள் நின்று கைதட்டுவார்கள். கரைவலை இழுப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கக் கயிறும் ஒரே வேகத்தில் வராவிட்டால் மடியில் மீன் நிற்காது. ஒருவர் பந்து வைத்திருப்பவரை நெருக்கும் அதே நொடியில், பக்கத்துப் பாஸ் போகக்கூடிய இரண்டு பேரையும் மற்ற இருவர் மறைத்தாக வேண்டும். முடியாவிட்டால் ஓடாமல் பின்வாங்கி நிற்பதே மேல்.

2022 நவம்பர் 22 அன்று சவுதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று வென்றதை நம் கரையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ‘அதிர்ஷ்டம்’ என்று ஒரு கூட்டம், ‘ஆஃப்சைடு கொடுத்தே கொன்னுட்டாங்க’ என்று இன்னொரு கூட்டம். பாஸ் அடிக்கிற கணத்தில் பந்தையும் எதிரணியின் கடைசி இரண்டாவது ஆளையும் தாண்டி முன்னால் நிற்பதுதான் ஆஃப்சைடு. அர்ஜென்டினா அன்று மொத்தம் பத்து முறை அதில் மாட்டியது. அதில் ஏழு முதல் பாதியில். வலைக்குள் போன மூன்று பந்துகள் செல்லாமல் போயின. பயிற்சியாளர் எர்வே ரெனார் தன் பின்வரிசையை நடுக்கோட்டுப் பக்கம் ஏற்றி நிற்க வைத்தார். நான்கு பேரும் ஒரே கோட்டில், ஒரே நேரத்தில் ஓர் அடி முன்னால் வந்தார்கள். அங்கே அது உத்தி. ஏனென்றால் அரங்கத்தின் கூரைக்கடியில் பன்னிரண்டு கேமரா, ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகள் வரை கணக்கெடுப்பு, பந்துக்குள் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் சென்சார் எல்லாம் இருந்தன. தோள் அளவு முன்னால் இருந்தாலும் பிடிபடும் என்ற தைரியத்தில்தான் அவ்வளவு உயரத்தில் கோடு போட்டார்கள்.

நம் திடலில் அந்த உத்தி கொடி பிடிக்கிற ஆளைப் பொறுத்தது. இதை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், நம் ஊர்ப் போட்டிகளில் பாதிச் சண்டை இங்கேதான் பிறக்கிறது. லைன்ஸ்மேன் பந்துக்கு நேராக ஓடக் கூடாது. கோலியையும் சேர்த்து எண்ணினால் கடைசியிலிருந்து இரண்டாவதாக நிற்கிற, கோலைத் தடுக்கிற அணியின் ஆள் யாரோ, அவருக்கு நேராக நிற்க வேண்டும். பந்து அவரைவிடக் கோல் கோட்டுக்கு அருகே போய்விட்டால்தான் பந்துக்கு நேராக நகர வேண்டும். ஆள் மெல்ல நகரும்போது பக்கவாட்டில் கால் வைத்தே நகரலாம். முகம் மைதானத்தைப் பார்த்தபடி இருக்கும். பாஸ் அடிக்கிற காலைப் பார்த்துவிட்டு அதன் பிறகு கோட்டைப் பார்க்கத் திரும்பினால் தொலைந்தது. நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடுகிற ஃபார்வர்ட், கண் திரும்புகிற 0.1 நொடியில் 70 சென்டிமீட்டர் முன்னால் போயிருப்பார். டிஃபென்டர் அதே நேரம் எதிர்த்திசையில் அடி எடுத்து வைத்திருந்தால் ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம் தெரியும். அப்படித்தான் நல்ல கோல் செல்லாமல் போகிறது. கண் கோட்டிலேயே இருக்கட்டும். உதைக்கிற சத்தத்தைக் காதால் பிடியுங்கள். கைகள் கணக்கில் வராது, தலையும் உடம்பும் காலும்தான். த்ரோ, கோல் கிக், கார்னர் மூன்றிலிருந்தும் நேராக வருகிற பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. தன் பாதியில் நிற்பவருக்கும் கிடையாது. இவ்வளவையும் ஒரு சாயங்காலத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் கொடியைப் பெரும்பாலும் யார் கையில் கொடுக்கிறோம்? கமிட்டியில் வேலை இல்லாத ஆளிடம். அவர் ஒரு கையில் கொடி, ஒரு கையில் போன்.

எழுவர் ஆட்டத்தில் ஆஃப்சைடு வேண்டுமா என்பதையே கமிட்டி முதலில் முடிவு செய்ய வேண்டும். பழகிய லைன்ஸ்மேன் இரண்டு பேர் கிடைக்காவிட்டால் ஆஃப்சைடே வேண்டாம் என்று அறிவித்துவிடுங்கள். அரைகுறை ஆஃப்சைடைவிட அது எவ்வளவோ நல்லது.

கோட்டைப் பற்றி இன்னொன்று. 2022 ஜப்பான்–ஸ்பெயின் ஆட்டத்தில் ஜப்பானின் மிட்டோமா இழுத்துக் கொடுத்து இரண்டாவது கோலான பந்து, அதற்கு முன்பே வெளியே போய்விட்டது என்று இன்றும் சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. முழுப் பந்தும் கோட்டின் வெளி விளிம்பைத் தாண்டினால்தான் பந்து வெளியே. பந்தின் விட்டம் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர். ஆக, பந்து தரையைத் தொடுகிற புள்ளி கோட்டுக்கு வெளியே பத்து சென்டிமீட்டர் இருந்தாலும் அதன் வயிற்றுப் பகுதி கோட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும், பந்து உள்ளேதான். நின்ற இடத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் நடுவே பச்சைப் புல் தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் தெரியாது. அந்தப் பந்து வெளியே என்று ஆகியிருந்தால் ஆட்டம் 1-1, ஜப்பானுக்குப் பதில் ஜெர்மனி அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். அன்று ஜப்பான் பந்து வைத்திருந்தது 17.7 சதவீத நேரம்தான், உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றில் வென்ற அணிகளில் அதுவரை அதுதான் மிகக் குறைவு. பந்து வைத்திருக்கிற சதவீதத்தைக் காட்டி ‘நாங்கதான் ஆடினோம்’ என்று வாதாடுகிறவர்கள் அந்த எண்ணைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கோட்டின் அகலம் 12 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்பது விதி. நம் திடலில் டப்பாவில் ஓட்டை போட்டுத் தூவிக்கொண்டே நடந்தால் கோடு ஒரு முழம் அகலத்துக்குப் பாம்பு மாதிரி போகிறது. இரண்டு முளை அடித்து, நைலான் கயிற்றை விறைப்பாகக் கட்டி, கயிற்றை ஒட்டித் தூவுங்கள். சுண்ணாம்பு வேண்டாம்; காற்றில் பறந்து கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. கோலமாவு போதும்.

இனி நடத்தை. 2010 ஜூலை 2, உருகுவே–கானா. கடைசி நிமிடத்தில் கோலுக்குள் போக வேண்டிய பந்தைச் சுவாரெஸ் கையால் தட்டினார். சிவப்பு அட்டை, பெனால்டி. கியான் அடித்த பந்து மேல் கம்பத்தில் மோதியது. பிறகு பெனால்டி வரிசையில் உருகுவே 4-2. கானாவுக்காக நம்மில் பலர் கண் கலங்கினோம், அது வேறு. ஆனால் விதியில் இருந்த தண்டனை முழுவதும் அன்று கொடுக்கப்பட்டது. சுவாரெஸ் மறைக்கவில்லை, தப்பவும் இல்லை. அடுத்த ஆட்டத்திலும் ஆடவில்லை. இதையும் 1986-ல் மரடோனா இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் போட்ட கோலையும், 2009-ல் அயர்லாந்துக்கு எதிராகப் பிரான்சின் ஆன்ரி கையால் அணைத்துக் கொடுத்த பந்தையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல. அந்த இரண்டிலும் தவறு பிடிபடவில்லை, கோல் நின்றது, ஆட்டம் அதனால் திரும்பியது. ‘கடவுளின் கை’ என்று செல்லப் பெயர் வைத்துக் கொண்டாடுகிற அதே வாய் சுவாரெஸைத் திருடன் என்கிறது. அதே சுவாரெஸ் 2014-ல் இத்தாலியின் கியெல்லினியைக் கடித்ததற்கு எந்த வக்காலத்தும் செல்லாது. நடுவர் அதைப் பார்க்கவில்லை. ஃபிஃபா பிறகு ஒன்பது சர்வதேச ஆட்டங்களுக்கும் நான்கு மாதங்களுக்கும் தடை போட்டது.

நெய்மார் விஷயம் இன்னும் குழப்பம். 2018-ல் அவர் உருண்டதை வைத்து நம் ஊர்ச் சிறுவர்கள்கூட விளையாட்டு கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்தில் ஸ்விட்சர்லாந்து அவர் மேல் பத்து ஃபவுல் செய்தது. 1998-க்குப் பிறகு அதுவரை உலகக் கோப்பையின் ஒரே ஆட்டத்தில் ஒருவர் மேல் அத்தனை ஃபவுல் விழுந்ததில்லை. உதையும் வாங்கினார், நடிக்கவும் செய்தார். இரண்டும் உண்மை. ஃபவுலே இல்லாமல் விழுந்தால் மஞ்சள் அட்டை. ஃபவுல் இருந்து, அதற்கு மேல் உருண்டால் ஃபவுலைக் கொடுத்துவிட்டு எழுப்பி விட வேண்டியதுதான். நம் நடுவர்கள் செய்கிற பிழை என்னவென்றால், ஒரு முறை நடித்த பையனுக்கு அந்த நாள் முழுக்க ஃபவுல் கொடுப்பதில்லை. அப்புறம் அவன் கணுக்காலைப் பெயர்த்தாலும் விசில் வராது.

2022 டிசம்பர் 9, நெதர்லாந்து–அர்ஜென்டினா காலிறுதி. உலகக் கோப்பை வரலாற்றிலேயே அதிக அட்டை விழுந்த ஆட்டம். அர்ஜென்டினாவின் பரேதெஸ் எதிரணிப் பெஞ்சை நோக்கிப் பந்தை உதைத்ததற்கு மஞ்சளோடு விட்டது எங்கள் கணக்கில் போதாது. சிவப்பு காட்டியிருக்க வேண்டும். அது இருக்கட்டும். அந்த அடிதடிப் பேச்சில் ஒரு அருமையான உத்தி நம் கண்ணில் படாமலே போனது. 90 நிமிடத்துக்குப் பின் சேர்த்த நிறுத்த நேரத்தின் பதினோராவது நிமிடம், பாக்ஸுக்குச் சற்று வெளியே நெதர்லாந்துக்கு ஃப்ரீ கிக். சுவர் கட்டியவர்கள் எல்லாம் நேரடி அடியை எதிர்பார்த்துக் குதிக்கத் தயாராக நின்றார்கள். கூப்மைனர்ஸ் பந்தைச் சுவரின் ஓரமாகத் தரையோடு உருட்டினார். அங்கே நின்ற வெகோர்ஸ்ட், பின்னால் ஒட்டிய ஆளை உடம்பால் தாங்கித் திரும்பி அடித்தார். 2-2. மறுநாள் நம் திடலில் பையன்கள் போட்டுப் பார்த்திருக்க வேண்டியது இதைத்தான். பரேதெஸை அல்ல.

அந்த உலகக் கோப்பையின் அர்ஜென்டினா–பிரான்ஸ் இறுதி ஆட்டத்துக்கும் இதே கதிதான். ‘மெஸ்ஸியா எம்பாப்பேயா’ என்று தெருவுக்குத் தெரு பிரிந்து நின்றோம். முதல் 36 நிமிடத்தில் அர்ஜென்டினா இரண்டு கோல் அடித்தது டி மரியாவை இடது ஓரத்தில் நிறுத்தியதால். பெனால்டி வந்தது டெம்பெலே அவரைச் சாய்த்ததில், இரண்டாவது கோல் அவரே அடித்தது. 41-வது நிமிடத்திலேயே பிரான்ஸ் பயிற்சியாளர் டெஷாம் தன் ஃபார்வர்ட் இருவரை வெளியே எடுத்தார், இறுதி ஆட்டத்தில் இடைவேளைக்கு முன் அப்படிச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். 64-வது நிமிடத்தில் டி மரியா வெளியே போனார். 80, 81-ல் எம்பாப்பே இரண்டு கோல் போட்டார். டி மரியா உள்ளே இருந்திருந்தால் பிரான்சின் அந்த ஓரத்து ஆட்கள் அவ்வளவு துணிந்து ஏறி வந்திருப்பார்களா என்று வாதாடுங்கள், விடிய விடிய வாதாடலாம். திரையில் கேமரா பந்தின் பின்னாலேயே போவதால் இதெல்லாம் தெரிவதில்லை. கோல் கிக் அடிக்கும்போது கேமரா விலகி முக்கால்வாசி மைதானமும் தெரியும். அந்த ஐந்து, பத்து நொடியில் டீ வாங்க எழுந்திருக்காமல் இரண்டு அணியும் எப்படி நிற்கிறது என்று பாருங்கள்.

அர்ஜென்டினா கோலி எமிலியானோ மார்ட்டினெஸ் பெனால்டி வரிசையில் பந்தைத் தூக்கி எறிந்து எதிராளியின் மனதைக் கலைத்ததைப் பலர் கொண்டாடினோம். அதற்குப் பிறகு விதி திருத்தப்பட்டது. 2023 ஜூலை முதல், கோலி கிக்கைத் தாமதப்படுத்துவதோ, கம்பத்தையும் வலையையும் தொட்டு ஆட்டுவதோ கூடாது. உதைக்கிற கணத்தில் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ அதற்கு நேர் மேலேயோ அதன் பின்னாலோ இருக்க வேண்டும். முன்னால் வந்து தடுத்தால் மறு கிக். முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை மஞ்சள். கையில் பந்தை வைத்துக்கொண்டு நேரம் கடத்தும் கோலிக்கு 2025-லிருந்து எட்டு நொடிதான் கெடு. தாண்டினால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து நொடியை நடுவர் கையுயர்த்தி விரல்விட்டு எண்ணிக் காட்ட வேண்டும். இவற்றை நம் போட்டியில் இந்த ஆண்டே கொண்டுவரலாம், காசு செலவில்லை.

கமிட்டிகளுக்கு நாங்கள் சொல்ல வந்ததில் முக்கியமானது குரூப் போடுகிற விஷயம். 1982 ஜூன் 25, மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. ஜெர்மனி ஒரு கோலில் வென்றால் இரண்டு அணிக்கும் லாபம், அல்ஜீரியா வெளியே. பத்து நிமிடத்தில் கோல் விழுந்தது. மீதி எண்பது நிமிடம் இருவரும் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முந்தின நாளே முடித்திருந்ததுதான் இதற்கு வழி விட்டது. அதன் பிறகே குரூப்பின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் வைக்கிறார்கள். 2026-க்கு மூன்று மூன்று அணியாகப் பிரிக்கலாம் என்று வைத்திருந்த திட்டத்தையும் 2023-ல் கைவிட்டு, நான்கு அணி வீதம் பன்னிரண்டு குரூப்பாக மாற்றினார்கள். மூன்று அணிக் குரூப்பில் கடைசி ஆட்டத்தின்போது ஓர் அணி சும்மா உட்கார்ந்திருக்கும், மற்ற இரண்டும் கூட்டு வைக்கலாம். நம் ஊர்ப் போட்டிகளில் ஒன்பது அணி வந்தால் உடனே மூன்று மூன்றாகப் பிரிக்கிறோம். கடைசி ஆட்டத்தில் ‘சொந்தக்காரப் பசங்க ஒத்துக்கிட்டாங்க’ என்று கல் பறக்கிறது. ஒத்துக்கொண்டார்களோ இல்லையோ, அட்டவணை அதற்கு இடம் கொடுத்தது. ஒரே திடல்தான் இருக்கிறது, ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் முடியாது என்றால் நேராக நாக்-அவுட் போடுங்கள். தோற்ற அணிகளுக்கு இன்னோர் ஆட்டம் வேண்டுமென்றால் தனியாக ஒரு ஆறுதல் கோப்பை வையுங்கள். அல்லது பக்கத்து ஊர்த் திடலையும் சேர்த்துக்கொண்டு, தங்கச்சிமடத்தில் ஒன்று பாம்பனில் ஒன்று என்று ஒரே மணிக்கு விசில் ஊதுங்கள்.

புள்ளியும் கோல் கணக்கும் சமமானால் என்ன செய்வது என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி ஒட்ட வேண்டும். 2018-ல் ஜப்பானும் செனகலும் எல்லாக் கணக்கிலும் சமம். மஞ்சள் அட்டை ஜப்பானுக்கு நான்கு, செனகலுக்கு ஆறு. ஜப்பான் மேலே போனது. கடைசி ஆட்டத்தில் போலந்திடம் 0-1 தோல்வியில் இருந்தபோதே ஜப்பான் பந்தைப் பின்னால் உருட்டி நேரம் கடத்தியது, அரங்கம் முழுக்க ஊளையிட்டது. எங்களில் சிலருக்கு அது அசிங்கம், சிலருக்கு அது துணிச்சலான சூதாட்டம். அந்நேரம் செனகல் ஒரு கோல் அடித்திருந்தால் ஜப்பான் வீட்டுக்குப் போயிருக்கும். எப்படியானாலும் விதி முன்பே எழுதப்பட்டிருந்தது, அதனால் முடிவு நின்றது. கணக்கு இதுதான்: மஞ்சள் அட்டைக்கு ஒன்று கழி, இரண்டு மஞ்சளால் வந்த சிவப்புக்கு மூன்று, நேர் சிவப்புக்கு நான்கு, மஞ்சளுக்குப் பிறகு நேர் சிவப்பு என்றால் ஐந்து. ஒரு நோட்டில் நாள், நிமிடம், எண், அட்டை என்று எழுதி, ஆட்டம் முடிந்ததும் இரண்டு கேப்டனிடமும் கையெழுத்து வாங்குங்கள். மூன்றாம் நாள் ‘அந்த அட்டை எனக்கில்லை, தம்பிக்கு’ என்று யாரும் வர முடியாது.

நடுவரிடம் கேப்டன் மட்டும் பேசலாம். 2024 யூரோ போட்டியில் இதை நடைமுறைப்படுத்தினார்கள். கேப்டன் கோலியாக இருந்தால் முன்னால் ஆடுகிற ஒருவரை அதற்காகப் பெயர் சொல்லி வைக்கலாம். மற்றவர் ஓடி வந்தால் மஞ்சள். முதல் இரண்டு ஆட்டத்தில் தயவு பார்க்காமல் காட்டினால் மூன்றாவது ஆட்டத்தில் யாரும் வர மாட்டார்கள். பாதியில் கமிட்டித் தலைவர் உள்ளே வந்து ‘விடுங்க தம்பி, நம்ம பையன்தான்’ என்று சொல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சாதி, மதம், ஊர்ப் பெயர் சொல்லித் திட்டுகிறவர்களுக்கு ஃபிஃபாவில் மூன்று படி இருக்கிறது: ஆட்டத்தை நிறுத்துவது, அணிகளை வெளியே அனுப்புவது, ஆட்டத்தையே கைவிடுவது. நம் கரைக்கு இது உலகக் கோப்பையைவிட அதிகம் தேவை. மைக்கில் அறிவிப்பவரிடம் இந்த மூன்று படியையும் எழுதிக் கொடுத்து, ஆட்டம் தொடங்குமுன் வாசிக்கச் சொல்லுங்கள். அறிவிப்பவரே எதிரணியை நக்கல் செய்கிற வழக்கமும் அன்றோடு நிற்கட்டும்.

நேரம் கடத்துவதைத் திட்டுகிறோம், ஆனால் கடத்த வழி விடுவது நாமே. 25 நிமிடப் பாதி, நிறுத்தம் சேர்ப்பதில்லை, ஏனென்றால் இருட்டிவிடும். ஜூன் மாதம் ஆறரை மணியைத் தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும். ஒரு ஆட்டத்துக்கு இடைவேளை, நிறுத்தம் எல்லாம் சேர்த்து 70 நிமிடம் வையுங்கள். ஒரு சாயங்காலத்துக்கு மூன்று ஆட்டம் திணிக்காமல் இரண்டோடு நிறுத்துங்கள். முதல் விசில் நான்கு மணிக்கு. நடுவருக்கு இரண்டு கடிகாரம்: ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், ஒன்று பந்து நிற்கும்போது நிற்கும்.

திடல் விஷயம் சுருக்கமாக. கோல் கம்பங்களைத் தெற்கு வடக்காக நடுங்கள். கிழக்கு மேற்காக நட்டால் ஒரு கோலிக்கு அரை ஆட்டம் முழுக்கச் சூரியன் கண்ணில். இரும்புக் கம்பம் உப்புக்காற்றில் மண்ணை ஒட்டிய இடத்தில்தான் முதலில் இற்றுப்போகும், மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் அடியில் மண்ணை விலக்கிச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சத்தம் மொட்டையாக வந்தால் மாற்றுங்கள். நகர்த்துகிற கம்பமானால் பின் சட்டத்தில் மணல் மூட்டை வைத்துக் கட்டாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் தொங்கி ஆடும்போது அது கவிழும். சீமைக்கருவேல முள்ளைத் தேடி எடுக்க ஆட்ட நாள் காலையில் நான்கு பேர் வரிசையாக நடந்தால் போதும். பந்தும் பிழைக்கும், காலும் பிழைக்கும். ஐந்தாம் எண் பந்து 410 முதல் 450 கிராம், சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். வெயிலில் போட்டு வைத்த பந்து கல்லாகிவிடும். நிழலில் வைத்து, விசிலுக்கு முன் காற்றை அளந்து பாருங்கள். ஒன்று பஞ்சரானால் மாற்ற இரண்டு பந்து கோட்டோரம் இருக்கட்டும். கச்சான் காற்று அடிக்கிற நாளில் டாஸ் வென்றவர் கிக்-ஆஃபா பக்கமா என்று தேர்ந்தெடுக்கலாம் என்பதைக் கேப்டன்களுக்கு ஞாபகப்படுத்துங்கள். பலர் இன்னும் பழக்கதோஷத்தில் பந்தைக் கேட்டுக் காற்றைக் கோட்டை விடுகிறார்கள்.

திரை கட்டுகிற மன்றங்களுக்கு ஒரே வேண்டுகோள். விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிகிறது. அதன் பிறகு விடிகாலை ஆட்டம் பார்த்துத் தூங்காமல் படகேறுகிற தம்பிமார் இருப்பார்கள். கடலுக்குப் போகிற நாளின் முந்தின இரவு, கடைசி ஆட்டத்துக்குத் திரையை ஏற்ற வேண்டாம்.

தடைக்காலப் போட்டிகளுக்கு நோட்டீஸ் அடிக்கிற கமிட்டிகள் நோட்டீஸின் பின்பக்கத்தை வெறுமனே விடாமல் ஆஃப்சைடு உண்டா, சமமானால் எப்படி, அட்டைக் கணக்கு, நேர அளவு, கேப்டன் மட்டும் பேசும் விதி ஆகிய ஐந்தையும் அச்சடித்துக் கொடுங்கள். லைன்ஸ்மேன் இரண்டு பேரையும் மோதுகிற இரு ஊரையும் சேராத மூன்றாவது ஊரிலிருந்து அழையுங்கள். பஸ் காசும் சாப்பாடும் முதல் விசிலுக்கு முன்பே அவர்கள் கையில் இருக்கட்டும். பழக்கிவிட ஆள் வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்னால் சொல்லி அனுப்புங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
இந்தக் கரையில் விசில் ஊதுகிறவர்களும் பந்து பழக்குகிறவர்களும்